மின்னணு ஏலத்திற்குச் சரக்கு விவரம் எழுதும் முறை

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பிகளைப் பங்கிட்டு, குளியாட்களுக்குரிய மூன்றிலொரு பங்கு போக, சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலங்கூறுவது பழைய வழக்கம். வாய் மூடிய சிப்பிக்குள் இருப்பது யாதென்று கூறுபவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. ஆயினும் அது வெறும் சூதாட்டமாக விடப்படவில்லை. சலாபத்துக்கு முன்னரே சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று விளம்பரம் செய்வார்கள். முத்துக்களைப் பிரிப்பதற்கு இருபது கண் முதல் ஆயிரம் கண் வரையிலான பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. உருட்சியும் ஒளியும் குறைவற்றது ஆணி, சிறிது குறைந்தது அணதாரி, அதனினும் தாழ்ந்தது மசங்கு, கோணலானது குறவல். இச்சொற்களைக் கேட்ட மாத்திரத்தில், முத்தைக் கண்ணால் காணாத வியாபாரியும் தொகை சொல்லக் கூடியவனாயிருந்தான்.

இன்றைய குடியானவருடைய நிலைமை இதற்கு நேர்மாறானது. தம் சாக்கினுள் இருப்பது இன்னதென்று அவருக்கு நன்றாகத் தெரியும், வாங்குபவருக்குத்தான் தெரியாது. 1933-ஆம் வருஷத்துச் சென்னை வர்த்தகப் பயிர்கள் மார்க்கெட்டுச் சட்டத்தின்கீழ்த் திருப்பூரில் 1936-ல் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்ட காலந்தொட்டு, வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தே விலை கேட்டான். 14-4-2016 அன்று தொடங்கப்பட்ட இ-நாம் என்னும் மின்னணு தேசிய வேளாண் சந்தையில் அந்தக் கை இல்லை. அதிலும் 2020 ஏப்ரல் முதல், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் சரக்கை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு போகாமலே, தங்கள் சேகரிப்பு நிலையத்திலிருந்து படத்தையும் தர விவரத்தையும் ஏற்றி ஏலத்தில் வைக்க இடமுண்டாயிற்று. வண்டிக் கூலியும் ஏற்றுக் கூலியும் மிச்சமாகும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வியாபாரியின் கை செய்த வேலையை இப்போது நாம் எழுதும் நாலு வரிகள் செய்தாக வேண்டும்.

இதை நான் கற்றது என் சொந்தத் தவற்றினால். சில வருஷங்களுக்கு முன், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களைச் சேர்ந்த ஒரு கம்பெனியார், நாற்பது மூட்டை முண்டு வற்றலுக்கு விவரம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். "மிக உயர்ந்த முதல்தரச் சரக்கு, நல்ல காய்ச்சல், கண்ணைக் கவரும் நிறம்" என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிய போது எனக்குச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது. முதல் நாள் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் வந்த ஒரே கேள்வி, பறிப்புக் கூலிக்கும் கட்டாத விலை. அங்கத்தினர்களுள் மூன்று மூட்டை வைத்திருந்த மூதாட்டி ஒருவருக்கு, அடகு வைத்த நகையின் தவணை அந்த வாரத்தோடு முடிகிறது. "ஐயா, கேட்ட விலைக்கே தள்ளிவிடலாமா?" என்று அவர் வந்து நின்றபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தூத்துக்குடிக் கிட்டங்கி வியாபாரி ஒருவருடன் டெலிபோனில் பேசினேன். "ஐயா, பட்டியலில் இருக்கிற எல்லாச் சரக்கும் முதல் தரம் என்றால் நான் எதைக் கேட்பது? ஈரம் எவ்வளவு, சண்டு எவ்வளவு, எத்தனையாவது பறிப்பு என்று ஒருவரும் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் கெட்டது கலந்திருக்கிறது என்றுதான் கணக்குப் போடுவேன்" என்றார். அவர் மீது கோபித்துப் பயனில்லை. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத சந்தையில் வாங்குபவன் யாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுப்பான், அதனால் நல்ல சரக்கு சந்தையை விட்டே ஓடும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரையில் நிரூபித்தார். 2001-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

அன்று மாலையே நாற்பது மூட்டைகளையும் களத்தில் கொட்டினோம். அப்போதுதான் உண்மை வெளியாயிற்று. இரண்டு ஊர்ச் சரக்கும், முதற் பறிப்பும் கடைசிப் பறிப்பும் கலந்து கிடந்தன. இத்தகைய குவியலை எந்தப் புலவர் வர்ணித்தாலும் பொய்யாகத்தான் முடியும். ஆகையால் எழுத்து வேலைக்கு முந்தியது பிரிக்கும் வேலை. வெளிறிய சண்டு வற்றலைப் பொறுக்கி ஒதுக்கி, பறிப்பு வாரியாக இரண்டு குவியலாக்கி, ஒவ்வொன்றின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து, ஈரமானியில் வைத்துப் பார்த்தோம். வற்றலில் ஈரம் நூற்றுக்கு 11-க்கு மேற்போகலாகாது என்பது உணவுத் தர விதி. ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும்; பூசணத்தால் அஃபிளடாக்சின் என்னும் நச்சு உண்டானால் கப்பலேறிய சரக்கும் திரும்பி வரும். எனவே ஏற்றுமதி வியாபாரியின் கண் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

பிறகு எழுதிய விவரத்தில் புகழ்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. "முண்டு வற்றல், மானாவாரி, முதற் பறிப்பு, காம்புடன், தார்ப்பாயில் காய்ந்தது, ஈரம், சண்டு, உடைசல், உதிர்விதை ஆகியவற்றின் அளவுகள் இவ்வளவு, மூட்டைகள் இத்தனை, ஒரே எடை, இருப்பிடம் இன்ன ஊர், லாரி வரும்" என்பதே அதன் சாரம். இரண்டாங் குவியலுக்கு, "கடைசிப் பறிப்பு, நிறம் மங்கல், சண்டு அதிகம், பொடி அரைக்க ஏற்றது" என்று குறையை முதல் வரியிலேயே போட்டோம். கம்பெனிக் காரியதரிசிக்கு அது பிடிக்கவில்லை; நம் குறையை நாமே பறைசாற்றுவதா என்று வாதாடினார். கடைசியில் அந்தக் குவியலைத்தான் ஒரு பொடி ஆலைக்காரர் முதலில் கேட்டு எடுத்தார். முதற் பறிப்புக்கும் முந்தைய கேள்வியை விட நல்ல விலை வந்தது. மூதாட்டியின் தவணை மட்டும் மூன்று நாள் தப்பிவிட்டது. அந்த வட்டி என் எழுத்தினால் வந்தது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஜில்லாவிலிருந்து வெளிநாடு செல்லும் பேதி மருந்து இலையை மேனாட்டு வியாபாரிகள் திருநெல்வேலிச் சென்னா என்பர். நம் குடியானவர் அவுரி என்கிறார். சாயம் எடுக்கும் நீலிச் செடிக்கும் அவுரி என்றே பெயர்! வடதேசத்து வியாபாரி ஒருவர் அவுரி என்று கேட்டால் எதைக் கேட்கிறார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆகவே ஊர்ப் பெயரோடு சென்னா என்ற வியாபாரப் பெயரையும் சேர்த்து எழுதி, பச்சை இலை எவ்வளவு, பழுத்த இலை எவ்வளவு, காம்பும் மண்ணும் எவ்வளவு என்று காட்ட வேண்டும். உளுந்து, பாசிப் பயறு முதலியவற்றுக்கு ரகப் பெயரும், வண்டு துளைத்த மணியின் அளவும் தவறாமல் வேண்டும்.

படம் எடுப்பதில் பலர் செய்யும் பிழை, கட்டிய சாக்கைப் படம் பிடிப்பது. சாக்கை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. காலை வெயிலில், வெள்ளைத் துணியின் மீது ஒரு பிடிச் சரக்கைப் பரப்பி, அருகே ஓர் அடிக்கோலை வைத்து எடுக்கவும். சிலர் கைப்பேசியில் சிவப்பைக் கூட்டி அனுப்புகிறார்கள். எடுத்துச் செல்ல வரும் நாளில் சரக்கு தன் நிறத்தைத் தானே காட்டிவிடும்.

மானாவாரி வற்றல் களத்துக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் வேலை நெருக்கடி அதிகம். விவரத்தை ஏலத்தன்று காலையில் ஞாபகத்திலிருந்து எழுதாமல், மூட்டை தைப்பதற்கு முன்னரே, சரக்கு கண்ணெதிரே கிடக்கும்போது களத்திலேயே எழுதிக்கொள்ளவும். ஈரமானி இல்லாத கிராமத்தார் அருகிலுள்ள விற்பனைக் கூடத்துக்கு ஒரு சேர் மாதிரியை இறுக மூடிய டப்பாவில் கொண்டு சென்றால் பரிசோதித்து வரலாம். துணிப்பையில் கொண்டு போனால் வழியில் காற்று பட்டு ஈரம் மாறிப்போகும்.