‘எக்ஸ்பெக்டட் சி.டி.சி.’ எவ்வளவு?

நேர்முகத் தேர்வில் மற்ற கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னவர்கள்கூட இந்த ஒரு கேள்வியில் தடுமாறுவார்கள்: ‘வாட் இஸ் யுவர் எக்ஸ்பெக்டட் சி.டி.சி.?’ பலர் ‘ஆஸ் பெர் கம்பெனி ஸ்டாண்டர்ட்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பணிவான பதில்தான். ஆனால், பேசிப் பெறும் வாய்ப்பு அங்கேயே கைநழுவிவிடுகிறது.

சி.டி.சி. என்பது ‘காஸ்ட் டு கம்பெனி’. ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை அது. கைக்கு வரும் சம்பளம் அல்ல.

சி.டி.சி. 6 லட்சம் என்றால் மாதம் 50,000 ரூபாய் வரும் என்று மனம் கணக்குப் போடும். அதில் பேசிக் 25,000 என்று வைத்துக்கொள்வோம். பேசிக் முழுவதற்கும் 12 சதவீதம் பி.எஃப். கட்டினால், நிறுவனத்தின் பங்கு 3,000. கிராஜுவிட்டிக்குச் சுமார் 1,200. நிரந்தர ஊழியருக்கு இது பொதுவாக 5 ஆண்டுகள் முடிந்த பிறகே கிடைக்கும். ‘வேரியபிள் பே’ 10 சதவீதம் என்றால் இன்னொரு 5,000. ஊழியரின் பி.எஃப். பங்கு 3,000. எல்லாம் கழிந்து ‘டேக் ஹோம்’ 37,800. வரிப் பிடித்தம் இருந்தால் அதுவும் குறையும்.

அதனால், தொகையைக் கேட்டதும் ‘குட் யூ ப்ளீஸ் ஷேர் தி பிரேக்கப்?’ என்று விவரம் கேட்டு வாங்குவது அவசியம். குறைவாகத் தெரிந்தால், ‘இஸ் தேர் எனி ஃப்ளெக்ஸிபிலிட்டி இன் தி ஃபிக்ஸ்டு பே?’ என்று கேட்கலாம். மாதாமாதம் உறுதியாக வரும் பகுதி ‘ஃபிக்ஸ்டு’தான்.

‘ஐ வாண்ட் 8 லேக்ஸ்’ என்றால் ஆங்கிலத்தில் அதட்டலாக ஒலிக்கும். ‘ஐ வாஸ் ஹோப்பிங் ஃபார் 8 லேக்ஸ்’ என்றால் அதே தொகை மரியாதையோடு போய்ச் சேரும். ஆசை இப்போது இருந்தாலும் வினை இறந்தகாலத்தில் நிற்கிறது. ‘ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்’ என்று நாம் இழுப்பதும் இதே நயம்தான். ‘பேஸ்டு ஆன் மை எக்ஸ்பீரியன்ஸ்’ என்று தொடங்கி அனுபவத்தைக் காரணம் காட்டினால் கோரிக்கைக்கு வலு கூடும். வீட்டுக் கடனையும் வாடகையையும் சொல்வதால் அந்த வலு வராது.

பேசி முடித்ததும், ‘குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் திஸ் ஓவர் இமெயில்?’ என்று கேட்டு எழுத்தில் பெற வேண்டும். ‘ஜாய்னிங் போனஸ்’ இருந்தால் கடிதத்தில் ‘ரெகவரி’ என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பது நல்லது. குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும்.