ஷிப்ட் முடிஞ்சா சி.எஸ்.எஸ்!

'மதுரைக்குப் போனாதான் படிக்க முடியும், சென்னைக்குப் போனாதான் உருப்பட முடியும்...' ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்த டயலாக்கைக் கேட்காத காது உண்டா? ஃபைனல் இயர் மக்களே, இது உங்களுக்குத்தான். டிகிரி முடிச்ச கையோட உங்கள்ல பாதிப் பேர் மில் ஆபீஸ்லயோ, டி.டி.பி. சென்டர்லயோ உட்காரப் போறீங்க. ஆனா, மனசு பூரா வெப் டிசைன்ல இருக்கும். வேலையை விடவும் முடியாது. உங்க சம்பளத்தை நம்பி அம்மா ஏற்கெனவே சீட்டு சேர்ந்திருப்பாங்க!

அப்போதான் 'அட்வான்ஸ்டு வெப் டிசைனிங்'னு ஒரு போர்டு கண்ணுல படும். அவசரப்பட்டு ஃபீஸைக் கட்டிடாதீங்க பாஸ். முதல்ல சிலபஸைக் கேட்டு வாங்குங்க. அதுல ஃப்ளாஷ் இருந்தா அப்படியே யூ டர்ன். 2020 டிசம்பர் 31-ஓட அடோப் அதுக்கு மங்களம் பாடியாச்சு. டேபிள் போட்டு பேஜைக் கட்டுறதை மட்டும் சொல்லித் தந்தாலும் வேண்டாம். ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இருக்கானு பாருங்க. கிரிட், 2017லயே குரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டுலயும் வந்துடுச்சு. மொபைலுக்கு ஏத்த மாதிரி வளையுற டிசைன், ஜாவாஸ்கிரிப்ட், பார்வையற்றவங்களும் பயன்படுத்துற மாதிரி பேஜை அமைக்கிறது... இதெல்லாம் இல்லாம எதுக்கு 'அட்வான்ஸ்டு'? இன்னொண்ணு, பழைய மாணவர்கள் செஞ்ச சைட் மூணைக் காட்டச் சொல்லுங்க. சர்ட்டிஃபிகேட் ஃபிரேமைக் காட்டினா எழுந்து வந்துடுங்க.

'பக்கத்துல தென்காசியில ஜோஹோ இருக்கே'னு ஒருத்தர் கட்டாயம் சொல்வார். ஜோஹோ ஸ்கூல்ஸ் நல்ல விஷயம்தான். ஃபீஸ் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. ஆனா அது பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்களுக்கான முழுநேரப் படிப்பு. ஷிப்ட் பார்க்கிறவங்களுக்குச் சரிப்படாது. உங்க தம்பி, தங்கச்சிக்குச் சொல்லி வைங்க.

வேலையில இருக்கிறவங்களுக்கு நான் சொல்ற வழி, ஃப்ரீகோட்கேம்ப். 2014ல ஆரம்பிச்சது. பாடம், சான்றிதழ் ரெண்டுமே இலவசம். சான்றிதழ் வேணும்னா புராஜெக்ட் முடிச்சே ஆகணும். அதனாலதான் அதுக்கு மதிப்பு. இங்கிலீஷ் மிரட்டுதா? ஐ.ஐ.டி. மும்பையோட ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்லயே பாடங்கள் இருக்கு. படம் செதுக்குற ஜிம்ப், லோகோ வரையற இங்க்ஸ்கேப் ரெண்டையும் அங்கேயே பழகலாம். ரெண்டுமே இலவச சாஃப்ட்வேர், திருட்டு சி.டி. தேவையில்லை! இன்னும் காலேஜ்லயே இருக்கீங்கன்னா, 2022ல அரசு தொடங்கின 'நான் முதல்வன்' திட்டத்துல உங்க காலேஜுக்கு என்ன கோர்ஸ் வந்திருக்குனு இப்பவே விசாரிங்க. டி.சி. வாங்கின பிறகு லேப் கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை.

இனி ஒரு ரகசியம். சென்னைப் பசங்களும் சறுக்குற ஒரு ஏரியா இருக்கு. அதான் தமிழ்ல சைட் பண்றது. இங்கிலீஷ்ல 'டவுன்லோட்' அடங்குற பட்டன்ல 'பதிவிறக்கம் செய்யவும்' அடங்காது, பிதுங்கும். இங்கிலீஷ்ல கேப்பிட்டல் லெட்டர் போட்டு அழுத்தம் காட்டலாம். தமிழ்ல அந்த வசதி ஏது? 'கி', 'கீ'யோட கொக்கி மேல ஏறும், 'கூ' கீழே இறங்கும். அதனால வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா விடணும். எழுத்துக்கு இடையில ரொம்ப இடம் விட்டா துணைக்கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு அநாதையா நிக்கும். ஹிந்த் மதுரை, கேட்டமரான், பவனம்னு கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவச தமிழ் எழுத்துருக்கள் இருக்கு. ஒவ்வொண்ணாப் போட்டு, குறைஞ்ச விலைக்கு வாங்கின சாதா போன்ல திறந்து பாருங்க. பெரிய மானிட்டர்ல அழகா இருக்கிறது அதுல பல்லிளிக்கும்.

பயிற்சிக்கு விஷயம் வேணுமா? உங்க ஊர்ல கொட்டிக் கிடக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்றாங்க. தெரிஞ்ச கடை ஒண்ணைப் பிடிச்சு, 'அண்ணாச்சி, ஒரு பக்கம் சும்மா பண்ணித் தர்றேன்'னு கேளுங்க. முடிச்சதும் கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல போட்டுப் பாருங்க. முக்கியப் படம் ரெண்டரை செகண்டுக்குள்ள தெரிஞ்சா பாஸ். கடைக்காரர் அனுப்புற எட்டு எம்.பி. பால்கோவா போட்டோவை அப்படியே ஏத்தினா நிச்சயம் ஃபெயில். அதைச் சுருக்குறதும் வெப் டிசைன்தான்!

நேரம்? நைட் ஷிப்ட் முடிஞ்ச காலையில கோட் எழுத உட்காராதீங்க, கமாவைத் தேடியே பொழுது போயிடும். நல்லா தூங்கி எழுந்து ஒரு மணி நேரம் போதும். வீட்ல சீரியல் சத்தம்னா, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு 1875ல தொடங்கின பென்னிங்டன் நூலகம் இருக்கு. நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போங்க. பேஜோட அமைப்பை முதல்ல பேப்பர்லதான் வரையணும்.