சேமிப்பக அணிகளில் ஒதுக்கீட்டுச் சுமை

ஒதுக்கீட்டுச் சுமை என்பது ஒரு சேமிப்பக அணியை நோக்கி வரும் நிர்வாகக் கோரிக்கைகளின் மொத்த அளவைக் குறிக்கும். வால்யூம்களை உருவாக்குதல், அவற்றை வழங்கிகளுடன் இணைத்தல், நகலெடுத்தல், ஸ்னாப்ஷாட் எடுத்தல், அளவைக் கூட்டுதல், அழித்தல் ஆகியன இக்கோரிக்கைகளில் அடங்கும். பணியிடங்களில் ஸ்டோரேஜ் அரே என்று அழைக்கப்படும் சேமிப்பக அணி, பல வட்டுகளை அல்லது எஸ்எஸ்டிகளை ஒன்றாகத் திரட்டி, கட்டுப்படுத்திகள் வழியாகப் பல வழங்கிகளுக்குப் பங்கிட்டுத் தரும் கருவியாகும். தரவைப் படிப்பதாலும் எழுதுவதாலும் உண்டாகும் சுமை வேறு, ஒதுக்கீட்டுச் சுமை வேறு. நொடிக்குப் பல லட்சம் படிப்பு, எழுத்துகளைத் தாங்கும் அணியும் ஒரே நேரத்தில் சில நூறு வால்யூம்களை உருவாக்கச் சொன்னால் திணறுவதுண்டு. அணி வாங்கும்போது முதல் எண்ணைக் கேட்பவர்கள் பலர். இரண்டாவதைக் கேட்பவர்கள் சிலரே.

தரவுப் பாதையும் கட்டுப்பாட்டுப் பாதையும்

தரவுப் பாதையில் வேலை இணையாக நடக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையும் தன் வால்யூமை மட்டுமே தொடுவதால், பல செயலிக் கருக்களும் தற்காலிக நினைவகமும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. கட்டுப்பாட்டுப் பாதையின் அமைப்பு வேறு. எந்த வால்யூம் எங்குள்ளது, எந்த வழங்கிக்கு எந்த லன் எண் தரப்பட்டுள்ளது என்ற விவரங்கள் ஓர் உள்ளமைவுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கட்டுப்படுத்திகளுக்கிடையே இந்த விவரங்கள் முரண்படக் கூடாது. எனவே ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பூட்டுப் போட்டு, எழுதி, உறுதிசெய்த பிறகே அடுத்த மாற்றம் ஏற்கப்படுகிறது. இதனால் பல அணிகளில் இவ்வேலை பெரும்பாலும் வரிசையாகவே நடக்கிறது.

வால்யூம் உருவானதோடு வேலை முடிவதில்லை. வழங்கி புதிய லன்களைத் தேடிக் கண்டறிய வேண்டும். பல்பாதை மென்பொருள் அவற்றின் பாதைகளை ஒன்றிணைக்க வேண்டும். ஒரு வால்யூமுக்கு 4 பாதைகள் இருந்தால், 100 வால்யூம்கள் வழங்கியின் கண்ணுக்கு 400 சாதனங்களாகத் தெரியும்.

மனிதரிடமிருந்து நிரலுக்கு

தொடக்கத்தில் ஒதுக்கீடு என்பது நிர்வாகியிடம் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருக்கும் வேலையாக இருந்தது. நாளுக்குச் சில வால்யூம்கள் மட்டுமே உருவானதால் கட்டுப்பாட்டுப் பாதையின் வேகம் ஒரு பொருட்டாகவே இல்லை. மெய்நிகர் இயந்திரங்கள் பரவியபோது நிலைமை மாறத் தொடங்கியது. 2012-இல் ஓப்பன்ஸ்டாக்கின் ஃபோல்சம் வெளியீட்டில் சிண்டர் தனிச் சேவையாக வந்தது. 2018 நவம்பரில் கொள்கலன் சேமிப்பக இடைமுகமான சிஎஸ்ஐ-யின் 1.0 பதிப்பு வெளியானது. இவற்றுக்குப் பிறகு வால்யூம் கேட்பது மனிதர் அல்ல, நிரல். நிரலுக்கு அலுப்பு கிடையாது. பதில் வராவிட்டால் மீண்டும் கேட்கும்.

மறுமுயற்சிப் புயல்

இந்த "மீண்டும் கேட்டல்" தான் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர். ஓர் அணி ஒரு வால்யூமை உருவாக்க 3 நொடி எடுத்துக்கொள்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்கிறது என்று கொள்வோம். ஒரே சமயத்தில் 200 கோரிக்கைகள் வந்தால் கடைசிக் கோரிக்கைக்கு 10 நிமிடம் கழித்தே பதில் கிடைக்கும். கேட்கும் நிரலின் காத்திருப்புக் கெடு 60 நொடி என்றால், அதற்குள் 20 பேருக்குத்தான் பதில் போயிருக்கும். மீதி 180 கோரிக்கைகளும் தோற்றதாகக் கருதப்பட்டு மீண்டும் அனுப்பப்படும். பழைய 180-ஐக் கைவிட்டது அணிக்குத் தெரியாது. இப்போது வரிசையில் 360 நிற்கின்றன. அடுத்த நிமிடத்தில் அணி முடிக்கும் 20 வேலைகளும் பழையவை. அவற்றின் பதிலுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அணி ஓயாமல் உழைத்தும் பயனருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மறுமுயற்சியும் புதிய பெயரில் வந்தால், உரிமையாளர் இல்லாத அநாதை வால்யூம்களும் குவிந்துவிடும்.

சிஎஸ்ஐ விதிமுறை இதற்கு ஒரு தடுப்பைக் கட்டாயமாக்கியுள்ளது. ஒரே பெயரில் அதே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால் புதிதாக உருவாக்காமல், முன்பு உருவானதையே இயக்கி திருப்பித் தர வேண்டும். முதல் வேலை இன்னும் முடியாமலிருந்தால் "நடந்துகொண்டிருக்கிறது" என்ற பொருளில் பிழைக்குறி தரலாம். குபர்நெட்டீசில் வால்யூம் உருவாக்கக் கோரும் துணைக்கூறு மறுமுயற்சிகளுக்கிடையிலான இடைவெளியை 1 நொடியில் தொடங்கி, ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கி, 5 நிமிடம் வரை நீட்டுகிறது.

ஆனால் அதே துணைக்கூறு இயல்புநிலையில் 100 வேலைகளை இணையாக நடத்தக்கூடியது. கட்டுப்பாட்டுப் பாதை மெதுவான அணிக்கு இது மிக அதிகம். இந்த எண்ணை 5 அல்லது 10 ஆகக் குறைத்தால் மொத்த வேலை முன்னதாகவே முடிவதுண்டு. வேகத்தைக் கூட்ட இணைவேலைகளைக் கூட்டுவதே வழி என்று நினைக்கும் குழுக்களுக்கு இது எளிதில் நம்பக்கூடியதாக இருப்பதில்லை. வரிசை எங்காவது இருந்தே தீரும். அது அணிக்குள் இருப்பதைவிட, கண்ணுக்குத் தெரியும்படி அணிக்கு வெளியே இருப்பது நல்லது.

வேலையைக் குறைத்தல்

தேவைப்படும் முன்பே வால்யூம்களை உருவாக்கி இருப்பில் வைத்தல், இணைப்புகளைத் தொகுதியாகச் செய்தல், ஒவ்வொரு லன்னுக்கும் தனித்தனியாகத் தேடாமல் இறுதியில் ஒருமுறை தேடுதல் ஆகியன வழக்கமான முறைகள். விஎம்வேர் சூழலில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஒரே பெரிய டேட்டாஸ்டோரில் வைப்பதும் லன்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

2010-இல் விஸ்பியர் 4.1 உடன் வந்த விஏஏஐ வசதிகள் நகலெடுக்கும் வேலையை அணியிடமே ஒப்படைத்தன. தரவு வழங்கி வரை வந்து திரும்ப வேண்டியதில்லை என்பதால் வலையமைப்புச் சுமை குறைந்தது. ஆனால் வேலை மறைந்துவிடவில்லை, இடம்தான் மாறியது. ஒரே நேரத்தில் பல நகல்கள் ஓடினால், அதே கட்டுப்படுத்திகளில் இயங்கும் பிற பயன்பாடுகளுக்குத் தாமதம் கூடும்.

அழித்தலும் ஒரு சுமை

திட்டமிடும்போது பெரும்பாலும் மறக்கப்படுவது அழித்தல். அழிக்கப்பட்ட இடத்தை அணிக்குத் திருப்பித் தரும் அன்மேப் கட்டளையை விஸ்பியர் 5.0 2011-இல் தானாக இயங்கும்படி கொண்டுவந்தது. பல அணிகளில் அது முடிய அதிக நேரம் பிடித்துப் பிற வேலைகளைத் தடுத்ததால், அதை முடக்கிவைக்குமாறு விஎம்வேர் அறிவுறுத்தியது. பின்னர் அது கைமுறையாக இயக்கும் கட்டளையாக மாறியது. 2016-இல் வந்த விஸ்பியர் 6.5-இல்தான், விஎம்எஃப்எஸ் 6 கோப்பு முறையுடன், பின்னணியில் மெதுவாக நடக்கும் தானியங்கி வேலையாக அது திரும்பியது. சோதனைச் சூழல்களை இரவில் கூட்டமாக அழிக்கும் நிறுவனங்களுக்கு இந்த வரலாறு பயன்படும்.

மெல்லிய ஒதுக்கீடும் நிரம்பும் பூலும்

1999-இல் தொடங்கப்பட்டு 2010-இல் எச்பி வாங்கிய திரீபார் நிறுவனம் பிரபலப்படுத்திய தின் புரொவிஷனிங், அதாவது மெல்லிய ஒதுக்கீடு, எழுதப்படும்போது மட்டுமே உண்மையான இடத்தை எடுத்துக்கொள்கிறது. 100 டெராபைட் பூலிலிருந்து 300 டெராபைட் வாக்களிக்கலாம். பூல் நிரம்பிவிட்டால், அதிலுள்ள எந்த வால்யூமிலும் புதிய இடம் தேவைப்படும் எழுத்துகள் தோல்வியடையும். தவறு செய்த ஒரு பயன்பாடு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஒதுக்கீடு தானியங்கியாக நடக்கும் இடத்தில் இந்நிலை விரைவாக வரும்.

80 சதவீதத்தில் எச்சரிக்கை வைப்பது பலரின் வழக்கம். அந்த எண்ணுக்குத் தனியே பொருள் இல்லை. 100 டெராபைட் பூலில் நாளொன்றுக்கு 1 டெராபைட் நிரம்புகிறது, புதிய வட்டுகளை வாங்கிப் பொருத்த 45 நாள் ஆகிறது என்றால், எச்சரிக்கை 55 சதவீதத்திலேயே ஒலித்தாக வேண்டும். 80 சதவீதத்தில் ஒலித்தால் எஞ்சியிருப்பது 20 நாள்.