அன்பாகக் கொடுத்த அரை மாத்திரை

வீட்டு நாயோ பூனையோ திடீரென்று வாயில் நுரை தள்ளிக் கிடந்தால், முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுக்காரர் மேல்தான் விழுகிறது. “யாரோ விஷம் வெச்சுட்டாங்க டாக்டர்” என்று சொல்லிக்கொண்டேதான் பலரும் கால்நடை மருத்துவமனைக்குள் ஓடி வருகிறார்கள். அப்படி வைக்கிற கல்நெஞ்சக்காரர்களும் ஊரில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன் நம் வீட்டு மாத்திரை டப்பாவையும் குளியலறை அலமாரியையும் அடுப்படியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனக்கு எலி மருந்தைவிட அதிக பயம் எதில் என்றால், பிரியத்தோடு நாமே ஊட்டிவிடுகிற, நாமே தடவிவிடுகிற பொருள்களில்தான்.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். பூனை ஒருநாள் சாப்பிடாமல் மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறது. ‘காய்ச்சல்போல’ என்று நினைத்து, டோலோ 650-ஐப் பாதியாக உடைத்து, மீனில் மறைத்துக் கொடுத்துவிடுகிறோம். குழந்தைக்குச் செய்கிற அதே அக்கறைதான். பூனை, நாயின் உடம்பு இயல்பாகவே 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் இருப்பது. நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் மாதிரிதான் தெரியும். அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது.

அந்த அரை மாத்திரையில் இருப்பது 325 மில்லிகிராம். பூனையின் எடை நான்கு கிலோ என்றால், கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் போய்விட்டது. கிலோவுக்கு வெறும் 10 மில்லிகிராமே சில பூனைகளுக்கு நஞ்சாகியிருக்கிறது. சில மணி நேரத்தில் பூனையின் வாயைத் திறந்து பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சேற்று நிறத்துக்கு மாறியிருக்கும். முகம் உப்பும், முன்னங்கால் பாதங்கள் வீங்கும், மூச்சு வாங்கும். டாக்டர் ஊசியில் எடுக்கிற ரத்தம் காப்பி டிகாக்‌ஷன்போலப் பழுப்பாக வரும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உருமாறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விட்டதன் அடையாளம் அது. நுரையீரல் நன்றாகத்தான் இழுக்கிறது, ஆனாலும் உடம்புக்குள் மூச்சுத் திணறல்.

நமக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை பூனையை ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறது? நம் கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியை ஒருவகைச் சர்க்கரை அமிலத்தோடு கோத்துச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அப்படிக் கோத்துவிட ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணு பூனையிடம் இருக்கிறது, ஆனால் பழுதடைந்து செயலற்றுக் கிடக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கோர்ட்டும் டேவிட் கிரீன்பிளாட்டும் 2000-ல் இதைக் கண்டு எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சிங்கம் உட்பட பூனைக் குடும்பம் முழுவதுக்கும் இதே நிலை என்று தெரிந்தது. இலை தழைகளில் இருக்கிற நஞ்சுகளை முறிக்கத்தான் அந்த நொதி பெரிதும் தேவைப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கறி மட்டுமே தின்ற குடும்பத்துக்கு அது தேவைப்படாமல் போய், கடைசியில் இல்லாமலே போய்விட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த ஒரு குறையைப் புரிந்துகொண்டால், பூனை வளர்ப்பவர்களுக்கு வீட்டில் பாதி ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். பினாயிலிலும் டெட்டாலிலும் இருப்பவை பாராசிட்டமாலின் குடும்பத்து ரசாயனங்கள். பினாயில் ஊற்றித் துடைத்த தரை காய்வதற்குள் பூனை அதன்மேல் நடக்கிறது. பிறகு சன்னல் திட்டில் உட்கார்ந்து நான்கு பாதங்களையும் நிதானமாக நக்கிச் சுத்தம் செய்கிறது. தரையில் இருந்தது வயிற்றுக்குள் போய்விட்டது. புண்ணுக்கு டெட்டால் போடுவது, குளிப்பாட்டும் தண்ணீரில் இரண்டு மூடி கலப்பது எல்லாம் நம் வீடுகளில் சகஜம். பூனைக்கு அதைச் செய்யவே கூடாது. வாயும் நாக்கும் வெந்துபோய் எச்சில் ஒழுகும், உள்ளே போனது கல்லீரலையும் தாக்கும். தரைக்கு வெந்நீரும் துடைக்கும் துணியும் போதும். பினாயில் போட்டே ஆக வேண்டுமென்றால், தரை நன்றாகக் காயும்வரை அந்த அறைக்கதவைச் சாத்தி வையுங்கள்.

அடுத்தது உண்ணி மருந்து. நாய்க்கு உண்ணி பிடித்தால் கழுத்துப் பக்கம் சொட்டுவிடுகிற மருந்துகள், பவுடர்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல பெர்மெத்ரின் சேர்ந்தவை. நாயின் உடம்பு அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். பூனைக்கு முடியாது. ‘நாய்க்கு ஒரு டியூப், பூனைக்குப் பாதி’ என்று நாமே கணக்குப் போட்டுச் சொட்டுவிட்டால், சில மணி நேரத்தில் காது துடிக்கத் தொடங்கும். பிறகு முகம், பிறகு உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு. இரண்டு மூன்று நாள்கூட அது நீடிக்கும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுக்கிற பூனைக்கும், நாயை நக்கிவிடுகிற பூனைக்கும் இதே கதி நேரலாம். டியூபின் மேல் நாய் படம் மட்டும் இருந்தால், அது நாய்க்கு மட்டும்தான்.

கிராமப்புறத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. மாட்டு உண்ணிக்கு வாங்கிய திரவத்தைத் தண்ணீரில் கலந்து நாய்மேல் ஊற்றுவது, சொறி பிடித்தால் வண்டியின் கழிவு ஆயிலைப் பூசுவது. பெரியவர்கள் காலங்காலமாகச் செய்ததுதானே என்பார்கள். மருந்து எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும் என்பது மாட்டுக்கு ஒன்று, நாய்க்கு வேறு. கழிவு ஆயிலை நாய் நக்கும், தோலும் அதை உறிஞ்சும். சொறிக்கு இன்று ஒரே ஒரு மாத்திரையில் தீர்வு கிடைக்கிறபோது எந்த நாய்க்கும் இந்தச் சித்ரவதை வேண்டாம்.

வலி மாத்திரைகளில் நாயும் தப்பவில்லை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபினாக் ஒரு உயிரினத்துக்கு மருந்தாகவும் இன்னொன்றுக்கு எமனாகவும் இருக்கும் என்பதை இந்தியா ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக் கற்றது. அந்த ஊசி போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மாண்ட பிறகு, 2006-ல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. வீட்டில் பாட்டி முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் வலி ஜெல்லையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒரு வலி மருந்தைப் பூசிக்கொண்டவர்களின் வீட்டில் பூனைகள் இறந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் எச்சரித்திருக்கிறது. தேய்த்த இடத்தைத் துணியால் மூடிக்கொள்ளலாம், மடியில் ஏறுகிற பூனையைக் கொஞ்ச நேரம் இறக்கிவிடலாம்.

அடுப்படிக்கு வருவோம். சாக்லேட் நாய்க்கு ஆகாது என்பது இப்போது குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கிறது. அதில் கொஞ்சம் அளவும் தெரிந்திருப்பது நல்லது. அதிலுள்ள தியோபுரோமின் பாதியளவு கழியவே நாயின் உடம்பில் 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால்தான் அது தேங்கி நஞ்சாகிறது. 30 கிலோ லாப்ரடார் ஒரு துண்டு பால் சாக்லேட்டைக் கவ்விவிட்டால் பதற வேண்டியதில்லை. மூன்று கிலோ பொமரேனியன் கேக் செய்ய வைத்திருந்த கோகோ பவுடரைத் தின்றுவிட்டால் உடனே வண்டியைக் கிளப்புங்கள்.

நம் ஊரில் சாக்லேட்டைவிட வெங்காயத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். பிரியாணியின் மிச்சம், குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, கிரேவி ஒட்டிய எலும்பு என்று நாய்க்கு நாம் வைக்கிற எதிலும் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கின்றன. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்கு, கிலோ எடைக்கு ஐந்து கிராம் வெங்காயமே போதும். நாய்க்குக் கிலோவுக்கு 15 கிராமிலிருந்து ஆபத்து. ஒரே நாளில் அவ்வளவு போகாவிட்டாலும், தினமும் சிறிது சிறிதாகப் போவதும் சேதம் செய்யும். தின்ற அன்று எதுவும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து, நாய் மாடிப்படி ஏற முடியாமல் நிற்கும். அப்போது யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நினைவுக்கு வருவதில்லை.

பாயசத்தில் மிதக்கிற உலர் திராட்சையும் நாய்க்கு நஞ்சு. திராட்சை தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது ஏன் என்பது வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. அமெரிக்காவின் விலங்கு நச்சுத் தகவல் மையத்து மருத்துவர்கள் 2021-ல் டார்டாரிக் அமிலத்தின் பக்கம் கைகாட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் வருகிற பொருள் நமக்கு மிக நெருக்கமானது. புளி! புளி தின்ற நாய்களுக்கும் திராட்சை தின்றவற்றைப் போலவே வாந்தி கண்டு, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. புளியிலும் நிறைந்திருப்பது அதே டார்டாரிக் அமிலம்தான். புளிப் பானையை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். புளியோதரையும் ரசஞ்சோறும் அதன் தட்டுக்குப் போக வேண்டாம். நாய்க்கென்று சோறும் கறியும் வேகவைக்கும்போதே, தாளிப்பதற்கு முன் தனியாக எடுத்துவைத்துவிடலாம்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம் டப்பாவில் ‘சைலிட்டால்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அது அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும்.

எலி மருந்தைப் பற்றி இரண்டு விஷயம். கேக் வடிவில் விற்கிற புரோமடியலோன் உடனே கொல்லாது. ரத்தம் உறைவதற்கு உடம்பில் இருக்கிற கையிருப்பு தீர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். இந்த வகை நஞ்சின் கதை விஸ்கான்சினில் தொடங்கியது. 1933-ல் ஒரு விவசாயி, கெட்டுப்போன உலர் தீவனம் தின்று செத்த தன் மாட்டின் உறையாத ரத்தத்தைப் பால் கேனில் பிடித்துக்கொண்டு, பனிப்புயலில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த ரத்தத்தின் பின்னால் போன லிங்க்கின் ஆய்வில் பிறந்ததுதான் வார்ஃபரின். புரோமடியலோன் அதன் வீரியம் கூடிய வாரிசு. மாற்று மருந்து வைட்டமின் கே1. மருந்துக்கடையில் கே3-ஐ எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது இதற்குப் பயன்படாது. மூன்று நான்கு வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நாய் தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் மறுபடி ரத்தக் கசிவு தொடங்கிவிடும்.

இன்னொன்று, வடையில் தடவி வைக்கிற கரும் சாம்பல் நிறப் பொடி, துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிவிடும். ‘ஏதாவது சாப்பிட்டால் விஷம் முறியும்’ என்று சோறு வைத்தால் அமிலம் கூடி வாயுவும் கூடும். காரில் கொண்டுபோகும்போது கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், நாய் எடுக்கிற வாந்தியின் வாயு மனிதர்களையும் மயக்கும்.

தோட்டத்தில் அரளியும், அடுக்குமாடி வாசல்களில் அழகுக்கு வைக்கிற சைகஸ் மரத்தின் கொட்டையும், நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் கொடிய நஞ்சு. பூங்கொத்தில் வருகிற லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் மூன்று நாளில் நின்றுவிடும். நம் குளத்து அல்லி வேறு இனம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

எது உள்ளே போனாலும் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். உப்பு தனியே ஒரு நஞ்சு. துவண்டு கிடக்கிற பிராணியின் வாயில் ஊற்றுவது எதுவானாலும் நுரையீரலுக்குப் போய்விடும். மண்ணெண்ணெயோ அமிலமோ போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே கொட்டியிருந்தால், பிராணி தெளிவாக இருக்கும் பட்சத்தில், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு அலசலாம். பிறகு நேராக மருத்துவமனை. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் இருக்கின்றன. வழியிலேயே போன் செய்து என்ன தின்றது என்று சொல்லிவிடுங்கள். பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் நமக்குச் சளியைக் கரைக்கக் கொடுப்பதுதான். கால்நடை மருத்துவமனையில் இல்லையென்றாலும் பெரிய மருந்துக்கடையில் கிடைக்கும், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வரவழைத்துவிட முடியும்.

டாக்டர் கேட்கும்போது, மாத்திரை கொடுத்ததைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் மறைத்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சத்தில் கரைகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பூனையின் ரத்தத்தில் கணக்கு இருக்கிறது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், பிராணியின் எடை எவ்வளவு என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.