கல்யாணத்துக்கு வரும் குழந்தையும் விருந்தாளிதான்

சின்னப் பிள்ளைகளோடு ஊர்க் கல்யாணத்துக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கும், அவர்களை வரவேற்கக் காத்திருக்கும் கல்யாண வீட்டாருக்கும்...

நாள் குறித்ததும் ஊரில் இருப்பவர்கள் மண்டபம் தேடுகிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் டிக்கெட் தேடுகிறார்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் நெருங்கி வரும் மாதங்களில் நெல்லை எக்ஸ்பிரஸிலும் பொதிகையிலும் கீழ் பெர்த் வேண்டுமென்றால், முன்பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார்ந்தாக வேண்டும். பல வீடுகளில் பத்திரிகை அச்சாகி வருவதற்குள் அந்த நாள் கடந்துவிடுகிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் சொந்தங்களுக்கு, தேதி முடிவான அன்றே போனில் தகவல் சொல்லிவிடுவது பெரிய உதவி.

பிள்ளைகளை ஏன் இவ்வளவு தூரம் கூட்டிப்போகிறோம்? தாலி கட்டுவதைக் காட்டுவதற்கு மட்டுமா? அடுக்குமாடி வீட்டில் அப்பா, அம்மாவை மட்டுமே பார்த்து வளரும் குழந்தைக்கு, தனக்குப் பெரியப்பா, சித்தி, அத்தை, தாய்மாமன் என்று ஒரு கூட்டமே இருப்பது தெரிய வேண்டும். அந்தக் கூட்டம் ஒரே இடத்தில் கூடுவது இப்போது பெரும்பாலும் கல்யாணத்தில்தான். ஆனால் தூங்காமல், சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு எந்த அத்தையையும் பிடிக்காது. எனவே பயணத்தைத் திட்டமிடும்போது முகூர்த்த நேரத்துக்குக் கொடுக்கும் மதிப்பைக் குழந்தையின் தூக்கத்துக்கும் பசிக்கும் கொடுக்க வேண்டும்.

ரயிலா, பஸ்ஸா, காரா?

சென்னையிலிருந்து நெல்லைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகளோடு போக இரவு ரயிலே நல்லது. படுக்கலாம், நடக்கலாம், கழிவறை இருக்கிறது. 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 வயதிலிருந்து 12 வயதுக்குள் என்றால் பெர்த்தோடு முழுக் கட்டணம், பெர்த் இல்லாமல் பாதி. நாலு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் ஒடுங்கிப் படுத்து, விடிய விடியக் கண் விழித்துவிட்டு நேராக மண்டபத்துக்குப் போகிற தாய்மார்கள் ஏராளம். வசதி இருந்தால் அந்த வயதுக்கும் காசு கொடுத்து ஒரு பெர்த் எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. பாட்டி கூட வந்தால் அதுவும் கைகொடுக்கும்.

2023 செப்டம்பரில் வந்த நெல்லை வந்தே பாரத் ஏறக்குறைய 8 மணி நேரத்தில் கொண்டுசேர்க்கிறது. ஆனால் அதில் எல்லாமே இருக்கைகள். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளுக்கு அது ஒத்துவரும்; மதியம் நீட்டிப் படுத்துத் தூங்கும் பிள்ளைக்கு ஒத்துவராது.

அரசுப் பேருந்தில் 5 வயது வரை கட்டணம் கிடையாது. பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று 2015-ல் தனி அறைகள் திறக்கப்பட்டன. கிளாம்பாக்கத்திலிருந்து தெற்கே போகிறவர்கள், வீட்டிலிருந்து அங்கே போய்ச்சேரும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

காரில் போகிறவர்களிடம் கெஞ்சியே கேட்க வேண்டிய ஒன்று உண்டு. குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேகமாகப் போகும் வண்டி மோதி நிற்கும்போது எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திப் பிள்ளையை இறக்கி ஓடவிடுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பட்டுப்பாவாடையும் நகையும் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் இரண்டு செட் பருத்தித் துணி, டயப்பர், காய்ச்சலுக்கு உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, அதன் அளவு குறித்த சீட்டு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பால் பவுடர் கொடுப்பவர்கள் பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் கலக்குங்கள்.

பழைய பருத்திப் புடவை ஒன்றும் இருக்கட்டும். விரிக்கலாம், போர்த்தலாம், மண்டப அறையில் உறுதியான கொக்கி இருந்தால் தூளியும் கட்டலாம். வீட்டு வாசனை அடிக்கும் துணியில் புது இடத்திலும் பிள்ளை சீக்கிரம் கண்ணயரும்.

முகூர்த்தத்துக்கு எழுப்ப வேண்டுமா?

நாலரை முதல் ஆறு மணிக்குள் முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே மண்டபம் விழித்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு வயதுப் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி, ஜரிகை உறுத்தும் பட்டை மாட்டிக் கூட்டத்தில் உட்காரவைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. தூங்கட்டும் விடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதுதான் மாற வேண்டிய வழக்கம். தங்கை கழுத்தில் தாலி ஏறும்போது அக்கா பூட்டிய அறைக்குள் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. அப்பா, தாத்தா, சித்தப்பா என்று ஆளுக்கு ஒரு மணி நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த நேரம் என்பதை முதல்நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள். பெண் வீட்டார் என்றால் பெண்ணின் உடன்பிறந்தவர்களுக்கும், மாப்பிள்ளை வீட்டார் என்றால் நாத்தனார் முடிச்சு போடுபவருக்கும் முகூர்த்த நேரம் கட்டாயம் ஓய்வாக இருக்கட்டும்.

விழித்திருக்கும் குழந்தையை மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். கெட்டிமேளம் திடீரென்று எழும்போது சின்னப் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். நாகஸ்வரத்தைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டால்தான் அதன் அழகும் புரியும். ரிசப்ஷன் ஸ்பீக்கர்களுக்கு இன்னும் தூரம் வேண்டும்.

மண்டபத்தில் கண் வைக்க வேண்டிய இடங்கள்

முதலாவது சமையல்கூடம். கொதிக்கும் சாம்பார் அண்டாவும் ரசமும் பிள்ளைகள் ஓடுகிற உயரத்திலேயே இருக்கும். அந்தக் கதவுக்கு ஓர் ஆள் வேண்டும். கிராமத்துக் கல்யாணம் என்றால் கிணறு, தெப்பக்குளம், ஆற்றங்கரை. அடுத்தது தாம்பூலப் பை. அதிலிருக்கும் கொட்டைப்பாக்கு சின்னக் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடியது. முழு நிலக்கடலையும் முந்திரியும் அப்படித்தான். கூட்டத்தில் குழந்தைக்குத் தங்கச் சங்கிலி வேண்டாம். பாக்கெட்டில் உங்கள் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். பிள்ளை கண்ணில் படவில்லை என்றால் மண்டபத்தில் தேடச் சொல்லும்போதே 112-ஐயும் அழைத்துவிடுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். ரயிலில் உதவிக்கு 139.

சாப்பாட்டுக்கு முதல் பந்தியிலேயே பிள்ளைகளை உட்காரவையுங்கள். ரசம் சோறும் அப்பளமும் கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மறுநாள்தான் பிள்ளைகளுக்குக் கல்யாணம்

முகூர்த்தம் முடிந்து அன்று ராத்திரியே ரயிலேறிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. லீவு கிடைக்காதது உண்மைதான். ஆனாலும் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அதைக் கல்யாணத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைப் பக்கத்துச் சைவ வீடுகளில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வெந்த அந்தக் குழம்பும் இஞ்சிப் பச்சடியும் வீட்டுப் பெரியவர்களுக்கு எவ்வளவு பிடிக்குமோ, காரம் குறைத்து ஊற்றினால் அந்தச் சொதிச் சோறு பிள்ளைகளுக்கும் அவ்வளவு பிடிக்கும். அன்றைக்கு யாருக்கும் அவசரம் இல்லை. மேடை இல்லை, போட்டோ வரிசை இல்லை. பெரியம்மா நிதானமாக உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டிவிடுவார். மதினி பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் திண்ணையில் ஒன்றாக விளையாடுவார்கள். சொந்தம் ஒட்டிக்கொள்வது அந்த மத்தியானத்தில்தான்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

மண்டபம் பேசும்போதே பிள்ளைகளுக்கென்று ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். பாய், மின்விசிறி, வெந்நீர், பாலூட்ட ஒரு திரை, இவ்வளவு போதும். சமையல்காரரிடம் காரமில்லாத பருப்புச் சோறு ஏழு மணிக்கே தயாராக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். ரிசப்ஷனில் கைக்குழந்தையோடு நிற்பவர்களை வரிசையில் காக்கவைக்காமல் மேடைக்கு முதலில் அனுப்புங்கள். பெரிய செலவு இதில் எதுவுமில்லை. பத்திரிகை வைக்கும்போது "குடும்பத்தோட வந்துரணும்" என்று மனசாரச் சொல்கிறோம். அதோடு, "பிள்ளைக்கு என்ன வேணும் சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிடுறோம்" என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.