பரணிலிருந்து பரணுக்கு
கரவாகுக் குரல்கள் – 9

போன வாரம் மருதமுனைத் தறிகளோடு நிறுத்தினோம். இந்த வாரம் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகவேண்டும். போகும் வழியில் அமெரிக்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவோம்.

2006 முடிகிற நேரம். ஜஸ்டின் வெர்னன் என்ற இளைஞர் வட கரோலினாவிலிருந்து தன் சொந்த மாநிலமான விஸ்கான்சினுக்குத் திரும்புகிறார். கூடப் பாடிய குழு கலைந்துவிட்டது, காதல் முறிந்துவிட்டது, உடம்புக்கும் முடியவில்லை. தகப்பனாருக்குக் காட்டுக்குள் ஒரு வேட்டைக் குடில் இருந்தது. பனிக்காலத்தை அதில் தனியே கழித்தவர், கிட்டாரை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டினார். கூடப் பாட ஆளில்லாததால் தன் குரல்மேல் தன் குரலையே அடுக்கிப் பதிந்தார். அதுதான் 2007இல் 'போன் ஈவேர்' என்ற பெயரில் அவரே வெளியிட்ட 'ஃபோர் எம்மா, ஃபொரெவர் அகோ'. அடுத்த ஆண்டு ஒரு நிறுவனம் கையில் எடுக்க, உலகமெங்கும் போயிற்று. 9 பாட்டு, 37 நிமிடம். மனமுறிவைப் பாடிய இசைத்தொகுப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் முதலில் வருகிற பெயர்களில் அது ஒன்று.

அந்தக் குடிலைப் பற்றி வாசித்தபோது எனக்குப் பரண்தான் ஞாபகம் வந்தது.

கிழக்கிலங்கையில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் கடலை ஒட்டிய ஒடுங்கிய மணல் நிலம். வளவுக்கு வளவு முட்டிக்கொண்டு வீடுகள். மேற்கே போனால் வயல்வெளி. விதைத்த நாளிலிருந்து சூடு மிதித்து நெல்லை ஏற்றும்வரை ஆண்களுக்கு அங்கேதான் சீவியம். பகலில் வரம்பும் தண்ணீரும். இரவில் பன்றிக்கும் யானைக்கும் பரண்காவல். கண் அயர்ந்தால் விளைச்சல் போய்விடும். விழித்திருக்கத்தான் கவி.

கிழக்கிலங்கைக் கவிக்கு வாத்தியம் கிடையாது. நாலு அடி. ஒரு கையைக் காதில் பொத்திக்கொண்டு, அடியின் கடைசி அசையை மூச்சு முடியும்வரை இழுக்கவேண்டும். அந்த இழுவை இருட்டைத் தாண்டி அடுத்த பரணுக்குப் போகும். அங்கே இருப்பவன் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். அவன் ஒரு கவி திருப்பிச் சொல்வான். இவன் மச்சிக்காக உருகினால், அவன் அந்த மச்சியாகவே மாறி நின்று, 'போன பெருநாளைக்குச் சொன்ன சொல் என்ன ஆயிற்று' என்கிற மாதிரிக் கேட்பான். சில நேரம் அவளுடைய உம்மாவாக மாறி ஏசவும் செய்வான். காதலில் தோற்றவன் அழுதுகொண்டிருக்கையில் பக்கத்துப் பரண்காரன் மாமியார் குரலில் வந்து வாயடிப்பதை விஸ்கான்சினில் எதிர்பார்க்க முடியாது.

பெண்களுக்கும் கவி உண்டு. நெல் குற்றும்போது, பாய் இழைக்கும்போது, கூட்டமாகக் கதிர் அறுக்கும்போது. வயலுக்குப் போனவன் வரவில்லை என்பதும், அவனுக்கு வேறு இடத்தில் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறது என்பதும் அங்கே வரும். யார் கட்டியது என்று கேட்டால் விடை இல்லை. ஒருத்தியின் கதையை இன்னொருத்தி பாடுவாள், நடுவில் ஓர் அடியை மாற்றிக்கொள்வாள்.

சரி, மனம் ஏன் முறிகிறது? இங்கே காரணம் பெரும்பாலும் வீடு. இந்தக் கரையில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும், உறுதியையும் அவள் பெயருக்கு எழுதவேண்டும். அடுத்த மகளுக்கும் அப்படியே. நாலு பெண் பிள்ளை உள்ள வாப்பா மண்ணும் கல்லும் சுமந்தே முதுகு வளைந்துபோவார். வீடில்லாத பெண்ணிடம் எத்தனை அழகு இருந்தாலும் காவின் (நிக்காஹ்) நாள் தள்ளிக்கொண்டே போகும். இதற்குமேல் குடி எனும் குலமுறை. தாய்வழியில் வருகிற குடி ஒன்றானால் இருவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, கட்டக்கூடாது. குடிக்கு ஒரு மரைக்காயர் அதன் பிரதிநிதியாகப் பள்ளி நிர்வாகத்தில் அமர்ந்த காலத்தில் அதை மீறுவது லேசான காரியமாக இருந்திருக்காது. 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து இதையெல்லாம் எழுதத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தன் பெரிய நூலில் தமிழர், முஸ்லிம் இரு பகுதியாரின் குடிமுறையையும் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறார். கவிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கவேண்டும் என்பேன்.

ஏனென்றால் மனமுறிவைக் 'கடந்துபோவது' என்பதற்கு இந்த ஊரில் வேறு கணக்கு. வெர்னனுக்கு ஊரைவிட்டே வரமுடிந்தது. இங்கே கைவிட்டவன் மூன்று ஒழுங்கை தள்ளி இன்னொருத்தியின் சீதன வீட்டில் இருப்பான். கைவிடப்பட்டவளோ தன் உம்மாவின் வளவிலேயே, அதே வேலிக்குள். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு ஊரே திரளும்போது இருவரும் பிள்ளைகளோடு எதிரெதிரே வருவார்கள். சொந்தத்துக்குள் சொந்தம் என்பதால் அவன் மகனுக்கு அவள் மகளைக் கேட்டு வருவதும் நடக்காத காரியம் இல்லை. இந்த மனமுறிவுக்குக் கடைசிப் பாட்டு என்று ஒன்றை எங்கே வைப்பது?

வீ.சீ.கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்தப் பிரதேசத்தின் நாட்டுக்கவிகளுக்கு மரியாதையான இடம் கொடுத்தது. முஸ்லிம் ஊர்களின் கவிகளைத் தேடித் திரட்டியதில் நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ்.முத்துமீரானுக்குப் பெரிய பங்கு. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே இதற்கும் நேரம் கண்டுபிடித்த மனிதர். அவர்கள் இல்லாவிட்டால் சொல்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் இழுவை தாளில் ஏறாது.

இப்போது அறுவடைக்கு இயந்திரம் வருகிறது, பரணில் இருப்பவன் கையில் போன் இருக்கிறது. 1970களுக்குப் பின் பிரிவின் திசையும் மாறிவிட்டது. வட்டைக்குப் பதில் வளைகுடா. இதே வளைகுடாப் பிரிவைக் கேரளத்து மாப்பிளா முஸ்லிம்கள் பாட்டாக்கிவிட்டார்கள். எஸ்.ஏ.ஜமீல் அந்த எழுபதுகளில் கட்டிய 'துபாய் கத்துப் பாட்டு', தனித்திருக்கும் மனைவி வளைகுடாவிலுள்ள கணவனுக்கு எழுதும் கடிதம். அது பரவியதும் கணவனின் பதிலையும் அவரே பாட்டாகக் கட்டவேண்டி வந்தது. கேட்டவர்களுக்கு ஒரு பக்கம் போதவில்லை. நம் கரையிலிருந்தும் ஆண்களும் பெண்களும் போனார்கள், பிரிந்தார்கள், சில வீடுகள் உடைந்தன. அந்த அளவுக்கு ஊரெல்லாம் முணுமுணுத்த ஒரு பாட்டு நமக்கு வாய்க்கவில்லை. மேடைப் பாட்டென்றாலே முகம் சுளிக்கும் மார்க்க இறுக்கம் அதே ஆண்டுகளில் வளர்ந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கிட்டாரோடு கவியைப் பாடிப் பதிவிட ஆசைப்படும் பையன்கள் இப்போது இருக்கிறார்கள். நல்லது, பாடட்டும். ஒன்று மட்டும் சொல்வேன். தாளக்கட்டுக்குள் அடக்க இழுவையை வெட்டாதீர்கள். ஒற்றைக் குரலிலும் முடித்துவிடாதீர்கள். கேள்விக்கு மறுகவி சொல்ல ஒரு பெண் குரல் வேண்டும். அந்தப் பெண்ணைப் பாடவிடுகிற வீடும், ஏற்றுகிற மேடையும் கல்முனையில் கிடைக்குமா என்பதை அந்தப் பையன்கள்தான் முதலில் தங்கள் சொந்த உம்மா வாப்பாவிடம் கேட்டுப் பார்க்கவேண்டும்.

(அடுத்த வாரம்: பொல்லடி)