பையனின் பின்னணியை மறைக்காதீர்கள்

2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை உமா மகேஸ்வரியை வகுப்பறையிலேயே குத்திக் கொன்ற 9-ஆம் வகுப்பு மாணவன் வசதியான வீட்டுப் பிள்ளை. படிப்பு சரியில்லை என்று டைரியில் எழுதி வீட்டுக்குத் தெரிவித்தார் என்ற ஆத்திரம். 2022 ஏப்ரலில் நெல்லை மாவட்டம் பள்ளக்கால் பொதுக்குடியிலோ, கையில் கட்டும் சாதிக் கயிற்றில் தொடங்கிய தகராறு அரசுப் பள்ளி மாணவன் ஒருவனின் உயிரில் போய் முடிந்தது. இரண்டிலும் கைதானது பள்ளிப் பிள்ளைகள். மற்றபடி ஒன்றுக்கொன்று ஒட்டாத கதைகள்.

"பைத்தியம் பிடித்திருக்கும்" என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிடலாம். அமெரிக்காவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 72 பதின்வயதினரை ஆராய்ந்து உளவியலாளர் டூயி கார்னெல் குழு 1987-இல் வெளியிட்ட முடிவு வேறு. தீவிர மனநோயாளிகள் 7 சதவீதமே. ஏறக்குறையப் பாதிப் பேர் திருட்டு போன்ற வேறு குற்றத்துக்கு நடுவே கொன்றவர்கள். இவர்களிடம் பள்ளிச் சிக்கல், போதை, பழைய குற்றங்கள் அதிகம். தெரிந்தவரோடு மூண்ட சண்டையில் கொன்ற மற்றவர்களிடம் இவை குறைவு.

நம் விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டியை எடுத்துக்கொண்டால், அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலைக்குக் கிளம்பிவிட்டால் மாலைவரை பிள்ளை பாட்டி பொறுப்பு. வெடிவிபத்தில் பெற்றவரைப் பறிகொடுத்தவன், அப்பாவின் குடியைப் பார்த்தே வளர்ந்தவன், பாதியில் பள்ளியை விட்டவன் என்று ஒவ்வொருவன் சுமையும் வேறு. (இதே சுமையோடு வளர்பவர்களில் ஆகப் பெரும்பாலோர் யார்மீதும் கத்தி எடுப்பதில்லை.) பிள்ளையின் போக்கு மாறும்போதே குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ, பள்ளி மாணவர்களுக்கான 14417-ஐயோ அழைக்கலாம்.

வழக்கே வந்துவிட்டால்?

18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கவோ விலங்கு மாட்டவோ கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்கு முதல் சான்று பள்ளிச் சான்றிதழ். அடுத்த 15 நாளில் நன்னடத்தை அலுவலர் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தர வேண்டும். பல குடும்பங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். "வீட்டில் குடிப்பழக்கம் உண்டா?" என்றால், "அதெல்லாம் இல்லைங்க சார்" என்பார் அப்பா. பையன் தலையில் அடிபட்டு வைத்தியம் பார்த்த சீட்டு பரணிலேயே கிடக்கும்.

மானத்துக்கு அஞ்சி மறைத்தால் நஷ்டம் பையனுக்கு. 16 வயது நிரம்பியவனைக் கொலை வழக்கில் பெரியவர்களைப் போல விசாரிப்பதா என்று முடிவெடுக்கும்போது, விளைவு புரிந்து செய்தானா, எந்தச் சூழலில் செய்தான் என்பதையெல்லாம் குழுமம் பார்க்கும். உளவியல் படித்தவர் குழுமத்தில் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 16-க்குக் கீழே என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். பெரியவராக விசாரித்தாலும் தூக்கு கிடையாது.

இலவச வக்கீலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. கொல்லப்பட்டவரின் குடும்பம் இழப்பீடு கேட்டுப் போக வேண்டியதும் அதே அலுவலகத்துக்குத்தான்.